யாருக்குப் பிடிக்கேல்லை?

அவரின் வலது கால் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. லண்டனின் இல்ஃபோர்ட்டில் கார் ஓட்டப் பழக்குவது அவர் தொழில். பழக்குபவரின் பக்கத்திலும் ஒரு பிரேக் பொருத்திய சின்ன வெள்ளைக் கார். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் வருடக்கணக்காகக் காத்திருந்த கால் அது. எலிசபெத் லைன் ரயில் நிலையத்துக்குள் நுழையும்போதும், யாருடைய காரிலோ பின் சீற்றில் இருக்கும்போதும் அது மெல்லத் தரையை அழுத்தும். ஒருமுறை தேர்த் திருவிழாவில், தேர் வீதி வளைவில் திரும்பியபோது, சனத்துக்கு நடுவே நின்ற அவரின் கால் தார் ரோட்டை அழுத்துவதைக் கண்டேன். சிரித்துவிட்டேன்.

"சிரியுங்கோ, சிரியுங்கோ. தேருக்கும் கட்டை போட ஒரு ஆள் வேணும்தானே," என்றார்.

நான் வாசிக்கிற பழக்கமுள்ளவன். மலையேறியவர்களைப் பற்றிய புத்தகங்கள் என்னிடம் ஓர் அலுமாரி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் உச்சியைத் தொட்டவர்களின் பெயர் இருக்கும், தொட்ட நாள் இருக்கும், சில வேளைகளில் அன்று என்ன சாப்பிட்டார்கள் என்பதுகூட இருக்கும். பாதியில் திரும்பியவர்களுக்கு ஒரு வரிதான்: இன்னார் திரும்பி வந்தனர். அந்த ஒரு வரிக்குள் என்ன நடந்தது, யார் முதலில் வாயைத் திறந்தார்கள், யார் கோபித்தார்கள் என்று எவரும் எழுதுவதில்லை. அந்தக் குறை எனக்கு வெகுநாளாக இருந்தது. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். "பேரைப் போட்டா சனம் என்னைப் பாக்கும். நான் சொன்னதைப் பாக்காது." அவரிடம் கார் பழகியவர்கள் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் அழைப்பார்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்துப் பழக்கம், லண்டன் வந்தும் போகவில்லை. எனக்கு அவரைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். எனக்கும் அவர் மிஸ்தான்.

நாற்பது கடந்தபின் கார் பழகப் போனவன் நான். முதல் பாடத்துக்கு ஒரு பெரிய கடையின் கார் தரிப்பிடத்துக்குக் கூட்டிப்போனார். அது லண்டனில் கடிகாரங்களைப் பின்தள்ளும் ஞாயிறு. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நான் என் மணிக்கூட்டை மாற்ற மறந்து முன்கூட்டியே போய் நின்றேன். அன்று முழுவதும் அவர் எனக்குப் பழக்கியது நிற்பாட்டுவதை மட்டும். கொஞ்சம் உருட்டு, நிப்பாட்டு. கொஞ்சம் உருட்டு, நிப்பாட்டு.

"எப்ப மிஸ் ஓடுறது?" என்றேன்.

"ஓடுறது கார். நிப்பாட்டுறதுதான் உங்கட வேலை," என்றார். பிறகு சொன்னார், "நான் நிப்பாட்டு எண்டா நிப்பாட்டுங்கோ. ஏன் எண்டு பிறகு கேளுங்கோ. முதல் ஏன் எண்டு கேட்டா, பிறகு நிப்பாட்ட ஒண்டும் இராது."

இந்த மனுஷி மலையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பீர்கள். அங்கேயும் இதையேதான் செய்தார்.

எங்கள் நடைக் குழு, நெஞ்சுவலி வந்த சிலருக்கு டொக்டர் நடக்கச் சொன்னதில் தொடங்கியது. தொடக்கியவர் விம்பிள்டனில் இருக்கும் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர். வயதில் எல்லோருக்கும் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணை. ஞாயிறு காலைகளில் எப்பிங் காட்டில் நடந்தோம். பிறகு வேல்ஸ் மலைகள், பிறகு கோடையில் ஸ்கொட்லாந்து. ஒரு கட்டத்தில் அண்ணைக்கு ஓர் ஆசை வந்தது: குளிர்காலத்தில், முழுப் பனியில், ஒரு மலை உச்சியில் நிற்க வேண்டும். மிஸ் அப்போது குழுவில் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். அவர் ஏற்கெனவே பனிமலைப் பயிற்சிகள் பல முடித்தவர் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"போகலாம் அண்ணை. ஆனா ஒரு குளிர்காலம் பழகிப்போட்டுத்தான்," என்றார்.

"எங்கை பழகுறது? இல்ஃபோர்ட்டிலை ஸ்னோ எங்கை இருக்கு?"

"வான்ஸ்டெட் பிளாட்ஸிலை இலை இருக்கு," என்றார் மிஸ்.

அப்படித்தான், ஒக்டோபர் கடைசியிலிருந்து ஞாயிறுகளில், அந்தப் பெரிய புல்வெளியின் ஓரத்து மரங்களுக்குக் கீழே, ஒரு கூட்டம் தமிழர்கள் இலைக் குவியல்களுக்குள் ஆளைத் தேடத் தொடங்கினோம். பனிச்சரிவில் புதையுண்டவரைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கருவி உண்டு, பீக்கன் என்போம். எல்லோரும் நெஞ்சில் கட்டிக்கொண்டு போக வேண்டும். அது சத்தமில்லாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்துபோனால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் பக்கம் மாற்றி, திரையில் எண் குறையக் குறையக் கிட்டே போக வேண்டும். பிறகு நீளக் கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். பிறகு சவளால் தோண்ட வேண்டும். "ஹெலிகொப்டர் வருமட்டும் பாத்துக்கொண்டு நிக்கேலாது. அது வந்து சேர முதல் நீங்கள்தான் மீட்புக்குழு," என்பார் மிஸ்.

புதைப்பதற்கு ஒரு ஆள் வேண்டுமே. பாஸ்மதி அரிசிச் சாக்குக்குள் பழைய சேலைகளைத் திணித்து, நடுவில் ஒரு பீக்கனை வைத்துக் கட்டினோம். சேலைகள் அண்ணையின் மனைவி தந்தவை. நாங்கள் அக்கா என்று அழைக்கும் அவர், "கூறைச் சேலையைத் தவிர எல்லாத்தையும் எடுங்கோ," என்று ஒரு பெட்டியையே இறக்கிவிட்டார். சாக்குக்குப் பொன்னம்மா என்று பெயர் வைத்தார்கள். கம்பி நிலத்தில் பட்டால் ஒரு மாதிரி இருக்கும், வேரில் பட்டால் இன்னொரு மாதிரி, பொன்னம்மாவில் பட்டால் மெத்தென்று திருப்பித் தள்ளும். அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும்வரை மிஸ் விடமாட்டார். தோண்டிப் பழக ஒருவர் நகரசபையிடம் வாடகைக்கு எடுத்திருந்த அலொட்மென்ட் தோட்டத்தில் மழையில் ஊறிய குதிரைச் சாணக் குவியல் கிடைத்தது. அதைத் தோண்டியவர்களுக்குப் பனி பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

நாயோடு நடக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் ஒருநாள் நின்று, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். அண்ணை நிமிராமலே, "ஓம், மாமியைத் தேடுறம்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மனுஷன் நாயை இழுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

அக்கா மலைக்கு வருவதில்லை. மடக்குக் கதிரையில் இருந்து, பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் டப்பாவில் வடையுமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மழை தூறத் தொடங்கினால் மிஸ் எல்லோரையும் வட்டமாகக் கூப்பிடுவார், அக்காவையும் சேர்த்து. கேள்வி ஒன்றுதான்.

"யாருக்குப் பிடிக்கேல்லை?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மற்றப் பயிற்சியாளர்கள் எல்லாருக்கும் ஓகேயா என்று கேட்பார்கள். எங்கள் ஆட்களிடம் அப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்று மிஸ்ஸுக்குத் தெரியும். ஓம் ஓம் என்போம். கால் மரத்துப்போயிருக்கும், ஓம் என்போம். அடுத்த அடி வைக்கப் பயமாக இருக்கும், பரவாயில்லை என்போம். மூத்தவர் முன்னால் போகிறார், அவருக்குப் பின்னால் நின்று வேண்டாம் என்பது மரியாதையா? அதனால் அவர் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டார். பதிலும் தலைகீழ் வரிசைதான்: வயதில் குறைந்தவர் முதலில், அண்ணை கடைசிக்கு முதல், மிஸ் எல்லோருக்கும் பின்னால். அவருக்கு முன் பேசியவர்களில் ஒருவர் பிடிக்கவில்லை என்றாலும் அத்தோடு முடிந்தது; மிஸ் தன் எண்ணத்தைச் சொல்லவே மாட்டார்.

அண்ணைக்கு இது பிடிபட நாள் எடுத்தது. "வீட்டிலை நான் சொல்லி முடிச்சாப் பிறகுதான் மற்றவை கதைக்கிறது," என்றார் முதல் நாள்.

"அது வீடு அண்ணை. அங்கை கூரை இருக்கு."

அக்காவிடம் கேட்டால் அக்கா கையை வீசிவிடுவார். "என்னைக் கேக்காதை பிள்ளை. நான் வடைக்கு வந்தனான்."

"வடைக்கு வந்தவைக்கும் வாக்கு இருக்கு அக்கா."

"நாப்பது வருஷமா ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப என்னத்துக்கு?" என்று அக்கா சிரிப்பார். அண்ணையும் சிரிப்பார். மிஸ் மட்டும் சிரிக்க மாட்டார். பதில் வரும்வரை நிற்பார். கடைசியில் அக்கா, "எனக்குப் பிடிச்சிருக்கு, போய்த் தேடுங்கோ," என்பார்.

இன்னொன்று. எங்கள் ஆட்கள் யாரை வழியனுப்பினாலும் 'கவனம்' என்போம். மிஸ் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. "கவனம் எண்டு சொன்னா யாரும் என்ன செய்யிறது? எங்கை கால் வைக்கிறது, எங்கை வைக்கக் கூடாது எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டிப் பேசாம இருங்கோ."

முதல் மூன்று குளிர்காலங்களிலும் எங்களுக்கு உச்சி கிடைக்கவில்லை. முதலாவது தடவை காற்று. இரண்டாவது, காற்று அள்ளிவந்து ஒரு பக்கச் சாய்வில் கொட்டிவைத்த புதுப் பனி. மிஸ் அதைக் காலால் தொட்டுக் காட்டினார், தகடு போல வெடித்தது. மூன்றாவது தடவை எனக்கு. மூச்சு வாங்கியது, பிடிக்கவில்லை என்றேன், திரும்பினோம். மூன்றாவது தைப்பூசத்துக்கு முந்திய சனி என்று என் மனைவி சொல்வாள். தைப்பூசத்துக்கு அடுத்த சனி, அவள் சொல்வது பிழை. ஒருவரும் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி வராததில் எனக்கு இருந்த ஆறுதலை இன்றைக்கும் மறக்கவில்லை.

ஊர்ச்சனம் விடுமா? ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது பின்னால் ஒருவர், "எவரெஸ்ட் கோஷ்டி வந்திருக்கு. மேசை மட்டும் போவியளோ, இல்லாட்டி பாதியிலை திரும்புவியளோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையின் முகம் சுருங்கியது. மிஸ் பிளேட்டோடு திரும்பி, "பாயாசம் நல்லா இருந்தா மேசை வரைக்கும் போவம். யாருக்குப் பிடிக்கேல்லை?" என்றார். எனக்குப் பின்னால் நின்ற பெண்பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அவருக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு முறைதான் சொன்னார். மனோர் பார்க்கிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தோம். எங்கள் குழுவுக்கு வெகுகாலத்துக்கு முன், வேறு சிலரோடு ஸ்கொட்லாந்தில் பனியில் நடந்திருக்கிறார். முன்னால் போனவர் அவருடைய தகப்பனின் சிநேகிதர், பெரிய மனுஷர்.

"அவருக்கு முன்னாலை பனியிலை ஒரு வெடிப்பு ஓடினது. நான் கண்டனான். அவர் பெரிய ஆள், நான் என்னெண்டு சொல்லுறது எண்டு இருந்திட்டன். பிறகு எல்லாரும் கீழை போனம்."

ஒருவரும் சாகவில்லை. பெரியவரின் கால் முறிந்தது. மலை மீட்புக் குழுவினர் நடந்து வந்தார்கள். சம்பளமில்லாத தொண்டர்கள், அதில் முன்னால் வந்தவர் பேக்கரி நடத்தும் ஒரு பெண். வந்தவுடன் அந்தப் பெண் ஒருவரையும் ஏசவில்லை. ஒவ்வொருவரையும் தன் பெயரைத் தானே சத்தமாகச் சொல்லச் சொன்னாராம்.

"பெரியவர் இப்பவும் தீபாவளிக்குப் போன் எடுப்பார்," என்றார் மிஸ். "நான் கண்டனான் எண்டு அவருக்குத் தெரியாது." ரயில் இல்ஃபோர்ட்டுக்குள் நுழைந்தது. கால் தரையை அழுத்தியது.

நான்காவது குளிர்காலம் வந்தபோது அண்ணையின் வலது முழங்கால் கெட்டுவிட்டது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, சித்திரைக்குப் பிறகு சத்திரசிகிச்சை என்றார்கள். அதன்பிறகு பனிமலை கிடையாது. இதுதான் கடைசி. அண்ணை வாய்விட்டுக் கேட்கவில்லை; மிஸ்தான் சொன்னார். "உச்சியிலை உங்களை நிப்பாட்டி ஒரு படம் எடுத்துப்போட்டுத்தான் அண்ணை, அந்த முழங்காலை அவையிட்டைக் குடுக்கிறது." அவர் அப்படி வாக்குக் கொடுத்து நாங்கள் முன்னரும் பின்னரும் கேட்டதில்லை.

சிவராத்திரி வாரத்துச் சனிக்கிழமை. ஸ்கொட்லாந்தின் கெயர்ன்கோர்ம் மலைகள். மூன்று நாள் தங்கியிருந்த விடுதியைக் காலி செய்து, சாமான்களை வாடகை வான் வண்டியில் ஏற்றி, அக்காவை மலையடிவாரத் தேநீர்க்கடையில் இருத்திவிட்டு ஏறினோம். மலையிலிருந்து இறங்கி அன்று மாலையே எடின்பரோவில் அக்காவின் தங்கை வீட்டுக்குப் போவது திட்டம்.

நாள் என்றால் அதுதான் நாள். காற்று இல்லை. வானம் கழுவிவிட்டதுபோல. பனிச்சரிவு முன்னறிவிப்பு எங்கள் பக்கச் சாய்வுக்கு நல்லதாகவே இருந்தது. சப்பாத்தில் பூட்டிய முட்கள் கெட்டிப்பனியில் கடித்துக்கொண்டு போயின. அண்ணை முழங்காலில் பட்டி கட்டி, ஒரு சொல்லும் முனகாமல் வந்தார். உச்சிக்கு முன் கடைசியாக ஒரு அகன்ற, கோப்பைபோன்ற சாய்வு. அதைக் குறுக்கே கடந்தால் பிறகு மேடுதான். உச்சிக் கற்குவியல் கண்ணுக்குத் தெரிந்தது.

மிஸ் சவளால் ஒரு குழி வெட்டிப் பனியின் அடுக்குகளைப் பார்த்தார். ஒரு கட்டியைப் பிரித்து மேலே தட்டினார். எழும்பி வந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வட்டமாகக் கூப்பிட்டார்.

"யாருக்குப் பிடிக்கேல்லை?"

அன்று வயதில் குறைந்தவள் துளசி. லண்டனில் பிறந்தவள், முப்பதைத் தாண்டியவள், ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பகுதியில் பெரிய பொறுப்பில் இருந்தாள். எங்களில் நன்றாக ஏறக்கூடியவள் அவள்தான். துளசி சாய்வைப் பார்த்தாள். அண்ணையைப் பார்த்தாள். பிறகு சப்பாத்தைப் பார்த்தாள்.

"எனக்கு, மிஸ்."

"சரி," என்றார் மிஸ். "திரும்புவம்."

"கொஞ்சம் பொறு," என்றார் அண்ணை. குரல் உயரவில்லை. "என்ன பிடிக்கேல்லை, சொல்லு பிள்ளை. காத்தோ? ஸ்னோவோ? என்னையோ?"

"தெரியேல்லை அங்கிள். ஐ ஜஸ்ட் டோன்ட் லைக் இட். சொரி." அவள் கண் கலங்கிவிட்டது.

"அண்ணை, கேக்காதேங்கோ," என்றார் மிஸ்.

"ஏன் கேக்கக் கூடாது? நான் எஞ்சினியர். காரணம் இல்லாம ஒரு பாலத்தை மூடுவமோ? உன்ர குழி என்ன சொல்லுது, அதைச் சொல்லு!"

"நீங்கள் காரணம் கேட்டா இண்டைக்கு அவள் ஒண்டைத் தேடிப் பிடிச்சுச் சொல்லுவாள் அண்ணை. அடுத்த முறை காரணம் கிடைக்காட்டி வாய் திறக்க மாட்டாள். எனக்கு அந்த அடுத்த முறைதான் வேணும்."

"எனக்கு அடுத்த முறை இல்லைப் பிள்ளை."

மிஸ் அவரைப் பார்த்தார். பிறகு, "தெரியும் அண்ணை," என்றார். துளசியின் தோளில் தட்டி, அவளை முன்னால் விட்டு, இறங்கத் தொடங்கினார்.

நாங்கள் இறங்கும்போது ஓர் இளம் சோடி எங்களைக் கடந்து ஏறியது. அந்தச் சாய்வைக் குறுக்கே கடந்தார்கள். உச்சியில் இரண்டு புள்ளிகளாக நின்று கையசைத்தார்கள். இதை வாசிப்பவர்கள் பனிச்சரிவை எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும், நடந்ததைத்தான் எழுதலாம். ஒன்றும் சரியவில்லை. ஒரு கைப்பிடி பனிகூட உருளவில்லை. கார் தரிப்பிடத்தில் அவர்கள் எங்களை மறுபடியும் கண்டு, மேலே சொர்க்கம் மாதிரி இருந்தது என்றார்கள். அண்ணை அவர்களுக்கு மரியாதையாக வாழ்த்துச் சொன்னார்.

இறங்கும் வழியில் நான் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் நடந்தேன். மற்றவர்கள் தள்ளிப் போனதும் கேட்டேன், "உங்களுக்கு என்ன பட்டது?"

"போகலாம் எண்டுதான்," என்றார். "நல்ல பனி."

"பிறகு?"

"பிறகென்ன? எனக்கு முதல் அவள் சொல்லிட்டாள்."

கொஞ்சத்தூரம் போய், "அண்ணையின்ர படத்துக்கு எண்டு கமெராவுக்குப் புது பட்டரி போட்டுக்கொண்டு வந்தனான்," என்றார்.

வழக்கமாக வானை ஓட்டுவது மிஸ். அன்று அண்ணை கையை நீட்டிச் சாவியைக் கேட்டார். மிஸ் எங்கள் எல்லோரையும் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். துளசி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு நாளுக்கு ஒரு தடவை போதும் என்று நினைத்திருப்பாள். நாங்களும் வாயைத் திறக்கவில்லை. மனுஷனிடமிருந்து மலையையும் பறித்து வானையும் பறிப்பதா? மிஸ் சாவியைக் கொடுத்தார். கடைசி வரிசையில், இன்னும் அழுகை அடங்காத துளசிக்குப் பக்கத்தில் போய் இருந்தார். அக்கா வழக்கம்போல முன் சீற்றில்.

தெற்கு நோக்கிய நெடுஞ்சாலை. குளிர்காலத்து வெளிச்சம் அதற்குள் வடிந்துவிட்டது. ஹீட்டர் போட்டிருந்தது. ஈரச் சப்பாத்து மணம். கோபமுள்ள வானுக்குள் எவரும் முதல் ஆளாகப் பேச மாட்டார்கள். எதிரே பெரிய லொறிகள் வந்துகொண்டிருந்தன.

அக்கா பேசினார்.

"நிப்பாட்டுங்கோ."

சத்தமாக இல்லை. தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கிற குரல்தான். ஆனால் அந்தக் குரல் அண்ணையிடம் அந்தச் சொல்லைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. நாற்பது வருடத்தில் அண்ணையே கேட்டிருப்பாரோ தெரியாது. நான் அண்ணையின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது விறைத்தது. என்ன விசர்க்கதை என்று ஒரு அதட்டல் வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தோம்.

சிக்னல் டிக் டிக் என்று அடித்தது. வான் வேகம் குறைந்து, ரோட்டோரத் தரிப்பிடம் ஒன்றுக்குள் ஏறி, நின்றது. அண்ணை எஞ்சினை அணைத்தார். அக்கா முன்னாலிருந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணை இறங்கினார். முழங்கால் மடங்க மறுத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வானைச் சுற்றிவந்து பின் கதவைத் திறந்து, சாவியை மிஸ்ஸிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு பிள்ளை."

மிஸ் சாவியை வாங்கினார்.

அண்ணை நகரவில்லை. குளிர்க்காற்று உள்ளே வந்தது. அவர் துளசியை ஒருமுறை பார்த்தார், பிறகு மிஸ்ஸை. மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

"பாத்தனியோ?" என்றார். "நான் ஏன் எண்டு கேக்கேல்லை."

மிஸ் அன்று அப்போதுதான் சிரித்தார். துளசியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். அண்ணை அவளைத் தள்ளி இருக்கச் சொல்லி, கடைசி வரிசையில் ஏறி அவள் பக்கத்தில் இருந்துகொண்டு, "வடை மிச்சம் இருக்கோ?" என்றார். அடுத்த ஊர் வருமுன் வாய் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். முன்னால் அக்கா மிஸ்ஸிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. "கண் ரெண்டு தரம் மூடினது பிள்ளை. மூண்டாந்தரம் பாத்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கேல்லை."

அண்ணைக்குச் சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. பனிமலை உச்சியில் அவர் நிற்கவேயில்லை, இனியும் நிற்கப்போவதில்லை. ஆனால் கலியாண வீடுகளில் யாராவது எவரெஸ்ட் பகிடியை எடுத்தால், மற்றவர்கள் ஏறிய மலைகளைச் சொல்வதுபோல, அவர் திரும்பிய மலைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எந்த இடத்தில் திரும்பினோம், அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று விளக்கத் தொடங்கிவிடுவார். பகிடி விட்டவர்தான் ஓட வேண்டியிருக்கும்.

மிஸ் இப்போது லண்டனில் இல்லை. வடக்கே ஒரு மலையடி ஊருக்குப் போய்விட்டார். அங்கேயும் கார்தான் பழக்குகிறார். அந்த ஊர் மலை மீட்புக் குழுவிலும் சேர்ந்திருக்கிறார். அவர்கள் ஒரு படம் வெளியிட்டிருந்தார்கள்: பனிக்குள் ஸ்ட்ரெச்சர், தலைக்கவசம் போட்ட ஆட்கள். பின்பக்கக் கைப்பிடியில், ஸ்ட்ரெச்சர் வேகமாக இறங்கிவிடாமல் பின்னுக்குச் சாய்ந்து இழுத்துப் பிடித்திருக்கிற உருவத்தின் முகம் தெரியவில்லை. வலது கால் எப்படி ஊன்றியிருக்கிறது என்று பார்த்தேன். எனக்கு முகம் தேவைப்படவில்லை. அந்தப் படத்தை அச்சடித்து என் மலைப் புத்தக அலுமாரியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் யார் இது என்று கேட்டால், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களைக் காட்டுவதற்கு முன் இதைத்தான் காட்டுவேன்.

போன மாதம், கடிகாரத்தைப் பின்தள்ளிய ஞாயிறு, வழக்கம்போல வான்ஸ்டெட் பிளாட்ஸில் பயிற்சியைத் தொடங்கினோம். இப்போது நடத்துவது துளசி. மடக்குக் கதிரையில் அண்ணை, மடியில் பிளாஸ்க். பீக்கனைக் கட்டிக்கொண்டு இலைக்குள் முழங்காலில் நிற்பது அக்கா. பொன்னம்மாவுக்குள் இருப்பது தன் சேலைகள் என்பதால் தனக்கு மணமே காட்டிக்கொடுக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தரம் தேடி முடிந்தது. வானம் வெளித்திருந்தது, மழையின் அறிகுறியே இல்லை. துளசி வட்டமாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"யாருக்குப் பிடிக்கேல்லை?"

"எனக்கு," என்றார் அக்கா.

அண்ணை வானத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, எழும்பிக் கதிரையை மடித்தார்.